கிணற்றுக்குள் பந்தி

சக்கரப்பாளையத்துப் பட்டறை வீதியில் கிணறுகளுக்குள் பந்தி நடந்த வருஷத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆடிக்காற்று அடங்கிய பிறகுதான் என்பார்கள் சிலர், அதற்கு முன்பே என்பார்கள் சிலர், வெல்டிங் பட்டறை ராக்கியப்பனோ சத்தத்தை முதலில் கேட்டது தான்தான் என்று இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். ஆனால் அந்தப் பந்தி பஞ்சர் கடை அர்த்தநாரியின் மகள் தலைப்பிரசவத்துக்காகத்தான் கூடியது என்பதில் மட்டும் வீதியில் இரண்டு பேச்சு கிடையாது.

லாரி கட்டுகிற ஊர் அது. வீதியின் இந்தக் கோடியில் வெறும் சட்டமாக நுழைகிற வண்டி, தகடு அடித்து, பலகை பூட்டி, பெயின்ட் பூசி, முகப்பில் கருப்பண்ணசாமியோ வேளாங்கண்ணி மாதாவோ எழுதி, அந்தக் கோடியில் மணப்பெண் மாதிரி வெளியே போகும். அந்தக் கோடியில் ஒரு டீசல் பங்க் இருந்தது. அது மூடிப் பல காலம் கழித்துத்தான் தெரிந்தது, மண்ணுக்கடியில் புதைத்த அதன் டாங்கி சல்லடையாகிப் போயிருந்தது என்றும், வீதி தூங்கிய இரவுகளிலெல்லாம் டீசல் மட்டும் தூங்காமல் மண்ணுக்குள் நடந்துகொண்டே இருந்தது என்றும். அதற்குள் பங்க்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார், யாரைப் போய்ச் சட்டையைப் பிடிப்பது? வாளியில் தண்ணீர் மொண்டால் மேலே ஏழு நிறமும் மிதக்கும். குளித்துவிட்டுப் பஸ் ஏறினால் பக்கத்துச் சீட்டு காலியாகும். பட்டறை வீதிக்காரன் வந்தால் பீடியை அணைத்துவிடு என்று பக்கத்து வீதிக்காரர்கள் சிரிப்பார்கள், இவர்களும் கூடவே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அர்த்தநாரிக்கு ஒரே மகள், பாகம்பிரியாள். தாய் போனபோது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. டயர் நெம்புகிற கையால் அர்த்தநாரி சடை பின்னக் கற்றுக்கொண்டார், வயசுக்கு வந்தபோது குச்சுக் கட்டினார், களி கிண்டிக் கொடுத்தார். பேருக்கேத்த ஆளுதான், பாதி அப்பன் பாதி ஆத்தா என்று வீதி கேலி பண்ணியது. பிறகு அதையே பெருமையாகவும் சொல்லியது. காவிரிக்கரை ஊர் ஒன்றில் அவளைக் கட்டிக்கொடுத்து, அவள் முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்ததும், மனிதர் பத்தியக் குழம்புக்குச் சுக்கு இடித்து வைக்கத் தொடங்கிவிட்டார். தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். தாய் இல்லாவிட்டால் என்ன, வீடு இருக்கிறதே.

சம்பந்தியம்மா கந்தாயம்மாள் ஒரு நாள் வந்தாள். நல்ல மனுஷி. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், தொட்டிலுக்குப் போட்டிருந்த கொக்கியை இழுத்துப் பார்த்தாள், கிணற்றடியில் முகம் கழுவினாள், கழுவிய கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"சம்மந்தி, மனசுல வெச்சுக்காதீங்க. உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா பொறந்த பச்ச மண்ணுக்கு இந்தத் தண்ணியிலயா வாக்கறது? தண்ணி நல்லாவட்டும், நானே கொண்டாந்து உடறனுங்க. இல்லைன்னா அங்கயே பாத்துக்கறோம்."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை, அதுதான் அர்த்தநாரியை அறுத்தது. அன்றைக்கு அவர் காற்றடித்த டயர் ஒன்று அளவு தாண்டி வெடித்தது. அவர் தொழிலில் அதுவே முதல் முறை.

அதற்குப் பிறகுதான் மண்ணிலிருக்கிற டீசலைப் போக்கக் குழாய்க்காரர்கள் வந்தார்கள். ரெஹானா என்ற இன்ஜினியர் பெண் தலைமையில் ஒரு வேன் வந்து நின்றது. வீதி நெடுக மண்ணில் துளை போட்டு, மெல்லிய குழாய்களை இறக்கி, கோடியில் ஒரு பெட்டி மாதிரி இயந்திரத்தை வைத்தார்கள். என்ன ஏது என்று கூடிய ஜனத்துக்கு அவள் எளிமையாகத்தான் சொன்னாள்.

"மண்ணுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்குதுங்க. டீசல் அதுங்களுக்குச் சாப்பாடு. ஆனா சாப்பிட மூச்சு வேணும்ல, கீழ ஆக்சிஜன் தீந்துபோச்சு. நாம ஆக்சிஜனை அனுப்பிட்டே இருந்தாப் போதும், மத்ததை அதுங்க பாத்துக்கும். நீங்க கெணத்துல ஒண்ணும் போடாம இருங்க, அது போதும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் பட்டறை வீதி என்றைக்கும் பின்வாங்கியதில்லை.

இயந்திரம் ஓடத் தொடங்கிய மறுநாள் மத்தியானம், அர்த்தநாரி வீட்டுக் கிணற்றிலிருந்து இலை விரிக்கிற சத்தம் கேட்டது. நனைந்த வாழையிலை பாயில் விழுகிற சத்தம். அது ஒன்றல்ல, வரிசையாக, தூரத்துக்கு, முடிவே இல்லாத ஒரு பந்திப்பாயில் விழுந்துகொண்டே போவது போல. பிறகு இலையில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். பிறகு சோறு பிசைகிற சத்தம், ரசம் உறிஞ்சுகிற சத்தம், அப்பளம் நொறுங்குகிற சத்தம், நடுநடுவே நிறைந்த வயிற்றிலிருந்து வருகிற ஏப்பம். பேச்சு மட்டும் இல்லை. வெகுநாள் பட்டினி கிடந்தவர்கள் பேசாமல் சாப்பிடுவார்களே, அந்த மும்முரம். எட்டிப் பார்த்தால் தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழி, வேறொன்றும் இல்லை. மாலைக்குள் வீதியின் எல்லாக் கிணறுகளிலும் பந்தி நடந்தது.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. வாசலில் பந்தி உட்கார்ந்துவிட்டால் வீட்டுக்காரர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும் அல்லவா? சாப்பிடுகிறவர்கள் மேல் கண் படக்கூடாது என்று பெண்கள் கிணற்று வாய்களை வெள்ளை வேட்டி போட்டு மூடினார்கள். விருந்துக்கு வந்த உறம்பரை இலையில் இருக்கும்போது வீடு கூட்டக்கூடாது என்று விளக்குமாறுகள் மூலைக்குப் போயின. தகடு அடிப்பவர்கள் மத்தியானத்தில் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பெயின்ட் வேலையைப் பார்த்தார்கள். வீதிக்குள் நுழைகிற லாரிகள் ஹாரன் அடிக்காமல் நுழைந்தன. புருஷன் பெண்சாதி சண்டைகள் பந்தி முடியட்டும் என்று ஒத்திவைக்கப்பட்டு, அவற்றில் பாதி அப்படியே மறந்தும் போயின. கிருமி என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை. உறம்பரை என்றுதான் சொன்னார்கள், சொந்தபந்தமாக வந்து இலையில் உட்கார்ந்தவர்களை வேறெப்படிச் சொல்வது? எல்லாம் சரி, இவர்கள் எந்தச் சாதிசனம் என்று ஒருத்தர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். சாப்பிடுகிறவர்கள் இலைக்கு முன்னால் நின்று கேட்கிற கேள்வியா அது என்று ராக்கியப்பன் ஒரு முறை முறைத்தார்.

வாரங்கள் போகப் போகத் தண்ணீரின் மேல் மிதந்த ஏழு நிறமும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. சோப்பு நுரைத்தது. வெள்ளைத் துணி வெள்ளையாகக் காய்ந்தது. அர்த்தநாரி தினமும் காலையில் ஒரு கை தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு மகளுக்குப் போன் பண்ணினார்.

"நேத்தைக்கு இன்னிக்குத் தேவல கண்ணு. உங்க மாமியாகிட்டச் சொல்லு, தேவலயாயிட்டே இருக்குதுன்னு."

"சொன்னேம்ப்பா. வளைகாப்பு ஐப்பசிலன்னு முடிவு பண்ணீட்டாங்க. அன்னைக்குத் தண்ணி நல்லா இருந்தா அப்படியே உங்ககூட அனுப்பறேன்னாங்க."

போனை வைத்துவிட்டு அர்த்தநாரி கிணற்றுமேட்டில் கைகட்டி நின்றார். அவருக்கு நெஞ்சு கொள்ளவில்லை. யாரென்றே தெரியாத இத்தனை பேர் தன் மகளுக்காக வந்து, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதை? டீசலை. வந்த நாளாக ஒரே டீசல். தொட்டுக்கொள்ள ஒன்றில்லை, இனிப்பு ஒரு துளி இல்லை. ஒரு வீட்டில் விருந்தாளிக்கு இப்படியா போடுவார்கள்? அவர் வெட்கப்பட்டார். அந்த வெட்கத்திலும் நன்றியிலும் வெல்லம் தட்டி, ஏலக்காய் நசுக்கி, தேங்காய்ப்பால் விட்டு, ஒரு குண்டா பாசிப்பருப்புப் பாயசம் காய்ச்சி, வேட்டியை விலக்கிக் கிணற்றுக்குள் சரித்தார்.

கீழே ஒரு கணம் சத்தம் நின்றது. பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு உறிஞ்சல், வீதியே கேட்டது. அவ்வளவுதான். அர்த்தநாரி பாயசம் போட்டார் என்றால் நாங்கள் என்ன குறைந்து போனோமா? ராக்கியப்பன் வீட்டிலிருந்து கச்சாயம் போனது, எதிர்வீட்டிலிருந்து ஒப்புட்டு போனது, பெயின்டர் அப்துல் வாகப் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமை பிரியாணி போனது, தயிர்ச்சோறு போனது, பழம் போனது. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள், பட்டறை வீதி வாரக்கணக்கில் ஓட்டியது. ஒரு வீட்டு உறம்பரை இன்னொரு வீட்டுக் கிணற்றுக்கு நகர்ந்துவிடக்கூடாதே என்று நெய்யைக் கூட்டி ஊற்றினார்கள். கிணற்றில் ஒன்றும் போடாதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் அது குப்பையைப் பற்றி என்று எடுத்துக்கொண்டார்கள். பாயசத்தை எந்த மடையன் குப்பை என்பான்?

முதலில் உறிஞ்சல் குறட்டையானது. உண்ட மயக்கம் என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு குறட்டை இழுப்பானது. இளைப்பு நோய்க்காரர் மாடிப்படி ஏறினால் வருமே, அந்த இழுப்பு. தண்ணீர் கறுத்தது. அழுகிய முட்டை நாற்றம் ஒன்று எழுந்து, அதற்கடியில் பழைய டீசல் வாடை தலைதூக்கி, இரண்டும் சேர்ந்து வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. வளைகாப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ரெஹானா வந்தாள். கயிற்றில் கட்டிய கருவியைக் கிணற்றில் இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

"கீழ ஆக்சிஜனே இல்லையே. நல்லாப் போயிட்டிருந்துச்சே! என்னண்ணா போட்டீங்க?"

வீதி மொத்தமும் தரையைப் பார்த்தது. அர்த்தநாரிதான் முன்னால் வந்தார்.

"பாயசமுங்க அம்முணி. நாந்தான் ஆரம்பிச்சேன்."

அவள் சிரிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, பாயசமும் பிரியாணியும் கெடைச்சா யாரு டீசலைத் தொடுவாங்க? அதைத் தின்ன மொதல்ல பாஞ்சுதுங்க, இருந்த மூச்சையெல்லாம் அதுக்கே செலவு பண்ணிருச்சுங்க. இப்ப டீசல் தின்னுட்டிருந்ததுங்க மூச்சுத் திணறிக் கெடக்குதுங்க."

"பசியில இருப்பாங்களேன்னுதான் அம்முணி..."

"சாப்பாடு அதுங்களுக்கு நெறைய இருக்குண்ணா. இல்லாதது மூச்சு மட்டுந்தான்."

அன்றைக்கு மகள் போன் பண்ணினாள். வாடை திரும்பிவிட்ட சேதி எப்படியோ அங்கே போயிருந்தது.

"நான் இங்கயே பெத்துக்கறேம்ப்பா. நீங்க ஒண்ணும் மனசு ஒடையாதீங்க. இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

அவள் கோபித்திருந்தால் தாங்கியிருப்பார். சமாதானம் சொல்லிவிட்டாள். அர்த்தநாரி பஞ்சர் கடையில் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்து அழுதார். மனைவி செத்தபோது மகள் பார்க்கிறாளே என்று அழாமல் வைத்திருந்ததும் இத்தோடு சேர்ந்து வந்தது.

அழுது முடிந்து தலை நிமிர்ந்தபோது அந்தப் பெண் சொன்னதுதான் காதில் நின்றது. சாப்பாடு இருக்கிறது, மூச்சுத்தான் இல்லை. அவருக்குத் தன் கல்யாணப் பந்தி ஞாபகம் வந்தது. சித்திரை வெயில், கரண்ட் இல்லாத பந்தல். பரிமாற ஆள் இருந்தார்கள், ஆனால் அவருடைய மாமனார் கரண்டியைத் தொடவில்லை. பனையோலை விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டு, வேர்த்து வடிய, ஒவ்வொரு இலைக்குப் பின்னாலும் நின்று விசிறிக்கொண்டே போனார். சாப்பிட்டவர்கள் சாம்பாரை மறந்துவிட்டார்கள், அந்த விசிறியை ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் அவர் ரெஹானாவிடம் போனார்.

"அம்முணி, உங்க பெட்டி ஊதறது பத்துதுங்களா?"

"இப்ப இருக்கற நெலமைக்குப் பத்தாதுண்ணா. பெருசு கேட்டிருக்கேன். வர நாளாகும்."

"இந்த வீதியில காத்து அடிக்கற மிசினு வூட்டுக்கு ஒண்ணு இருக்குதுங்க. குடுத்தா ஆகுமுங்களா?"

அவள் யோசித்தாள். கம்ப்ரசர் காற்றில் ஆயில் வரும், அதுவே இன்னொரு அழுக்கு என்றாள். வடிகட்டி மாட்டினால், அழுத்தம் தான் சொல்கிற அளவைத் தாண்டாவிட்டால், ஆகும் என்றாள். அர்த்தநாரி முதலில் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, கிணற்றடிக்குப் போய், கோபித்துக்கொண்டு போன பங்காளி வீட்டு வாசலில் நிற்பது போல நின்றார். தப்பு எங்க மேலதானுங்க, ஒண்ணும் தெரியாமப் பண்ணிட்டோம், எந்திரிச்சு வந்து மறுபடி இலையில உக்காருங்க என்றார். பிறகு தன் கம்ப்ரசரைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னாலேயே ராக்கியப்பனுடையது வந்தது, பெயின்ட் அடிக்கிற வாகப்பின் மிஷின் வந்தது, டயர் கடைகள், பாடி பட்டறைகள் எல்லாவற்றிலிருந்தும் வந்தன. ரெஹானா ஒவ்வொன்றாக நின்று மாட்டினாள். லாரிகளின் சக்கரத்துக்குள் போக வேண்டிய காற்றெல்லாம் மண்ணுக்குள் இறங்கியது. லாரிக்காரர்கள் பக்கத்து ஊருக்குப் போய்க் காற்றடித்துக்கொண்டு வந்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

பெண்கள் சும்மா இருப்பார்களா? மிஷின் ஊதுவது மிஷின் மரியாதை, வீட்டுக்காரி மரியாதை வேறு என்று ஆளுக்கொரு பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு கிணற்று வாயில் நின்று கீழ்நோக்கி விசிறினார்கள். இதனால் ஒன்றும் ஆகாது என்றாள் ரெஹானா. ஆனால் கருவியை இறக்கிப் பார்த்தபோது, விசிறி நின்றால் முள் இறங்கியது, விசிறினால் ஏறியது. அவள் இன்னொரு தரம் இறக்கிச் சரிபார்த்தாள். பிறகு துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, கை ஓய்ந்து போயிருந்த ஒருத்தியிடமிருந்து விசிறியை வாங்கித் தானும் விசிறத் தொடங்கினாள். இதைப் பற்றி அவள் ஆபீசில் என்ன சொன்னாளோ தெரியாது, நாமும் கேட்கவில்லை.

இழுப்பு குறைந்தது. முட்டை நாற்றம் போனது. ஒரு மத்தியானம், மிஷின் இரைச்சலுக்கும் விசிறிச் சத்தத்துக்கும் அடியில், மறுபடி ஒரு இலை விழுந்தது. பிறகு இன்னொன்று. விசிறிக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இந்த முறை ஒரு பருக்கைகூட, ஒரு சொட்டு நெய்கூட யாரும் போடவில்லை. ஆசை இருந்தது, கையைக் கட்டிக்கொண்டார்கள். பந்தி ரசத்துக்கு வந்தது, மோருக்கு வந்தது. வளைகாப்புக்கு முந்தின நாள் வீதி நெடுக இலையை மடிக்கிற சத்தம் கேட்டது. உள்பக்கமாகத்தான் மடித்தார்கள், உறவு வேண்டும் என்கிறவர்கள் மடிப்பது போல, என்று வயசுக்காரிகள் சத்தத்தை வைத்தே சொன்னார்கள். பிறகு அமைதி.

தண்ணீர் தெளிந்துவிட்ட சேதி எட்டியதும் கந்தாயம்மாள் வளைகாப்புக்கு நாங்களே அங்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் மருமகளோடு காரில் வந்து இறங்கினாள். ஆரத்தித் தட்டை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு நேரே கிணற்றடிக்குப் போனாள். ரெஹானா பரிசோதனை முடிவு நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டே ஒரு சொம்பு மொண்டு, அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"எங்க காவேரித் தண்ணிகூட இன்னிக்கு இப்படி இல்லீங்க சம்மந்தி," என்றாள். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். "என்ன பாத்துட்டு நிக்கறே? உன்ற வூட்டுக்குள்ள போ."

பாகம்பிரியாள் உள்ளே போனாள். அர்த்தநாரி கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

குழாய்களைப் பிடுங்கி வேனில் ஏற்றிய அன்று அவர் ரெஹானாவுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டார்.

"அம்முணி, எங்க உறம்பரையெல்லாம் சாப்புட்டுட்டுச் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாங்க. எங்க போயிருப்பாங்க? ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லி அனுப்பலைன்னு மனசு அடிச்சுக்குது."

"போகலைண்ணா. சாப்பாடு தீந்ததும் நெறையச் செத்திருக்கும். மீதி இங்கயேதான் இருக்குது. அதுங்க எங்கிருந்தும் வரவே இல்லையே. இந்த வீதி வர்றதுக்கு, இந்த ஊரே வர்றதுக்கு முன்னாடியிருந்து இந்த மண்ணுல இருக்கறதுங்கதான்."

வேன் போய் வெகுநேரம் அவர் அங்கேயே நின்றார். அப்படியானால் வந்தவர்கள் யார், இருந்தவர்கள் யார்? யார் வீட்டில் போய் யார் டீசலைக் கொட்டியது? யார் யாருக்குப் பந்தி போட்டது?

கார்த்திகையில் பெண் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கந்தாயம்மாளே சேலையைத் தூக்கிச் செருகி, கிணற்றடியில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுத் தண்ணீர் வார்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் அந்தச் சின்ன முதுகில் வழிந்து, காலில் வழிந்து, மண்ணில் இறங்கியது. குழந்தை வீறிட்டு அழுது, பிறகு சுகம் கண்டு கண்ணை மூடியது.

எல்லோரும் உள்ளே போன பிறகு அர்த்தநாரி ஒரு சொம்பு தண்ணீர் மொண்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு வெறுந்தரையில் உட்கார்ந்தார். சொம்பு காலியாகும் வரை நிதானமாகக் குடித்தார். குடித்துவிட்டு வலது கையால் மண்ணைத் தொட்டார்.

"நெறஞ்சுதுங்க," என்றார். "வயிறும் நெறஞ்சுது, மனசும் நெறஞ்சுது. நாங்க பண்ணுனதை மனசுல வெச்சுக்காம எங்களுக்குத் தண்ணி குடுத்தீங்க. புள்ளை உங்க வாசல்லதான் வளரப்போவுது. பாத்துக்குங்க."

உள்ளேயிருந்து பாகம்பிரியாள் குரல் கேட்டது. "அங்க யாருகிட்டப்பா பேசிட்டிருக்கீங்க?"

"வூட்டுக்காரங்ககிட்ட, கண்ணு," என்றார் அர்த்தநாரி.